ஏழு ஊர் வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். ரோம், புளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் முன்பே ஒரு குழுவோடு போய்ப் பார்த்துவிட்டோம். பஸ்ஸில் இருந்து இறங்கினோம், படம் எடுத்தோம், ஏறினோம், அவ்வளவுதான். வரும் செப்டம்பரில் மறுபடி இத்தாலி போகிறோம். இந்த முறை சின்ன ஊர்களைப் பார்க்க ஆசை. மகன் 9 இரவுகளுக்கு 7 ஊர் என்று பட்டியல் போட்டுத் தந்திருக்கிறான். எங்களுக்கு மொழி தெரியாது, கார் ஓட்ட மாட்டோம். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அந்த ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கொஞ்சமாவது புரிந்துகொள்ள முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும். ஆனால் அந்தப் பட்டியலோடு முடியாது. மகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏழுமே நல்ல ஊர்கள்தான். ஊர் மாறும் நாளில் என்ன நடக்கும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். காலையில் பெட்டி கட்டி, ரயில் பிடித்து, மேட்டில் இருக்கும் ஊருக்கு ஏறிப் போய்ச் சேரும்போது மணி ஒன்று ஆகியிருக்கும். சின்ன ஊர்களில் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போகும் நேரம் அது. நான்கு மணி வரை தெருவில் பூனைகளும் உங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களும்தான் இருப்பார்கள். மறுநாள் காலை மறுபடி பெட்டி. ஏழு ஊர்களின் மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

சுற்றுலாப் பேருந்துகள் பகல் பத்து மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அதற்கு முன்னும் பின்னும்தான் ஊர் ஊர்க்காரர்களுடையது. அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டுமானால் அங்கேயே தங்க வேண்டும். அதனால் முதல் ஐந்து இரவுகளை உம்ப்ரியா மாநிலத்து ஓர்வியேத்தோவில் கழியுங்கள். ரோமிலிருந்து சாதாரண ரயிலிலேயே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். எரிமலைப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. ஸ்டேஷன் வாசலிலிருந்து கம்பிவட ரயில் மேலே ஏற்றிவிடும், முழங்காலுக்குத் தொல்லை இல்லை. 1888இல் தண்ணீரின் எடையை வைத்தே இழுத்த வண்டி, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது.

புதன்கிழமை போய்ச் சேருங்கள். வியாழனும் சனியும் பியாட்சா தெல் போப்போலோ சதுக்கத்தில் காலைச் சந்தை கூடும். முழுப் பன்றியை வாட்டி அறுத்து விற்கும் வண்டி ஒன்று நிற்கும், அதை மட்டும் வேகமாகக் கடந்துவிடுங்கள். மற்றபடி வேடிக்கை பார்க்க அருமையான இடம். வாங்கவும் செய்யுங்கள், ஆனால் ஒரு எச்சரிக்கை. தக்காளியை அழுத்திப் பார்த்துப் பொறுக்கும் நம் பழக்கத்தை அங்கே காட்டினால் கடைக்காரர் முகம் சுண்டிவிடும். எவ்வளவு வேண்டும் என்று விரலால் காட்டுங்கள், அவரே எடுத்துத் தருவார். பல கடைக்காரர்கள் இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா என்று கேட்டு அதற்கேற்ற பழத்தைப் பொறுக்கித் தருவார்கள். சூப்பர் மார்க்கெட்டில் நீங்களே எடுக்கலாம், ஆனால் அங்கே வைத்திருக்கும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டுதான்.

மொழியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பகலில் ‘புவோன்ஜோர்னோ’, சாயங்காலம் ‘புவோனசேரா’ என்று சொல்லிவிடுங்கள். பேசாமல் நுழைந்து பொருளைப் புரட்டுவதை அவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். ‘சாவ்’ என்பது நண்பர்களுக்கும் குழந்தைகளுக்கும் சொல்வது, எழுபது வயதுக் கடைக்காரம்மாவிடம் வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உங்கள் புடவையை உற்றுப் பார்க்கத்தான் செய்வார்கள். அதில் பகை ஒன்றும் இல்லை. நீங்கள் முதலில் வணக்கம் சொன்னால் அநேகமாக எல்லாருமே பதில் சொல்வார்கள்.

தினமும் காலையில் ஒரே ‘பாரு’க்குப் போங்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது காபிக் கடைதான், மூலையில் நாலு மதுப் புட்டியும் இருக்கும். கவுண்டரில் நின்றபடி குடித்தால் எஸ்பிரஸோ பெரும்பாலும் ஒன்றரை யூரோவைத் தாண்டாது. மேஜையில் உட்கார்ந்தால், முக்கியமாக தேவாலயச் சதுக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தால், விலை ஏறும். நின்றே குடியுங்கள். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தபால்காரர், பள்ளிக்குப் போகும் ஆசிரியை, கட்டட வேலைக்காரர் எல்லாரும் அந்தக் கவுண்டரில்தான் வந்து நிற்பார்கள். மூன்றாம் நாள் நீங்கள் வாய் திறப்பதற்குள் கப்புச்சீனோவுக்குப் பால் நுரைக்கும் சத்தம் கேட்டாலும் கேட்கும்.

மாலை ஆறு மணிக்கு மேல் ஊரே கோர்ஸோ என்கிற பெரிய தெருவில் இறங்கி நடக்கும். எங்கேயும் போய்ச் சேருவதற்காக அல்ல. இந்தக் கோடி வரை போவார்கள், திரும்புவார்கள், தெரிந்தவரைக் கண்டால் நின்று பேசுவார்கள். வீட்டு உடையில் யாரும் வர மாட்டார்கள். நீங்களும் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு போங்கள்.

சுவர்களையும் படியுங்கள். நம்மூர் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி போலவே அங்கும் ஒட்டுவார்கள். இறந்தவர் பெயர், வயது, குடும்பத்தார் பெயர்கள், எந்தத் தேவாலயத்தில் எத்தனை மணிக்குச் சடங்கு என்று எல்லாம் இருக்கும். தலைவர் படமும் பெரிய எழுத்தும் கிடையாது, வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து, அவ்வளவுதான். போகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள். அதே சுவரில் ‘சாக்ரா’ என்று போட்ட வண்ணத் தாளைப் பார்த்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். காளானுக்கோ உருளைக்கிழங்குக்கோ ஓர் ஊர் எடுக்கும் விழா அது. ‘ப்ரோ லோக்கோ’ என்கிற உள்ளூர்த் தொண்டர் சங்கம்தான் பெரும்பாலும் நடத்தும். பந்தலில் நீண்ட மேஜைகள், சமைப்பது ஊர்ப் பெண்கள், பரிமாறுவது பள்ளிப் பிள்ளைகள். முதலில் கல்லாவில் காசு கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். இடம் இருக்கும் மேஜையில், முன்பின் தெரியாதவர் பக்கத்தில், உட்கார வேண்டும். நீங்கள் கேட்ட ‘புரிந்துகொள்வது’ இங்கே நடக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு நடுவே பார்க்க வேண்டியதையும் பாருங்கள். 1290இல் தொடங்கிய தேவாலயத்தின் முகப்பில் மாலை வெயில் படும்போது போங்கள், தோளும் முழங்காலும் மூடியிருந்தால் உள்ளே விடுவார்கள். சான் பாத்ரீசியோ கிணறு 53 மீட்டர் ஆழம். இறங்கும் படியும் ஏறும் படியும் ஒன்றையொன்று சந்திக்காமல் சுற்றிச் சுற்றிப் போகும். தண்ணீர் சுமந்த கோவேறு கழுதைகள் முட்டிக்கொள்ளக் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டில் அப்படிக் கட்டினார்கள். 248 படி என்பதை மட்டும் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மகன் பட்டியலில் சிவித்தா தி பாஞ்ஞோரேஜோ இருக்கிறது. களிமண் சரிந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் குன்று, நடைபாலம் வழியாகத்தான் போக முடியும், 2013 முதல் நுழைவுக் கட்டணமும் உண்டு. அழகில் குறைவில்லை. ஆனால் நிரந்தரமாக வசிப்பவர்கள் விரல்விட்டு எண்ணுமளவுதான். புரிந்துகொள்ள மக்கள் வேண்டுமே! ஓர்வியேத்தோவிலிருந்து பஸ்ஸில் அரை நாள் போய் வாருங்கள், ஞாயிறு மட்டும் வேண்டாம்.

மீதி நான்கு இரவுகளுக்கு ஸ்பெல்லோ. ஓர்த்தே, ஃபோலிஞ்ஞோ வழியாக வண்டி மாறிப் போகலாம். ரோமானியர் காலத்து நகர வாயில்களுக்குள் இன்றும் ஆட்கள் குடியிருக்கும் ஊர். சாந்தா மரியா மாஜ்ஜோரே தேவாலயத்தில் பிந்துரிக்கியோ 1501இல் முடித்த சுவரோவியங்களில், ஓவியர் தன் முகத்தையே சுவரில் மாட்டிய படம் போல வரைந்து வைத்திருக்கிறார். தேடிப் பாருங்கள். புனித பிரான்சிஸின் ஊரான அசிசி அங்கிருந்து ரயிலில் பத்து நிமிடம்தான், அங்கே தங்க வேண்டியதில்லை.

அடுத்தது சாப்பாடு. ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம், சூப்பில் எலும்புச் சாறு இருக்கலாம். அதனால் நாலு வார்த்தையை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்: நியென்தே கார்னே, நியென்தே பெஷே, நியென்தே ப்ரோதோ, நியென்தே உவோவா. இறைச்சி, மீன், சூப்புச் சாறு, முட்டை எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். கையால் செய்யும் தாலியத்தெல்லே போன்ற பாஸ்தாவில் முட்டை உண்டு. ஓர்வியேத்தோவின் உம்ப்ரிக்கெல்லி வெறும் மாவும் தண்ணீரும்தான், இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். அது கூடாது என்றால் மேலே தூவ வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். உம்ப்ரியா ரொட்டியில் உப்பே இருக்காது, அங்கே வழக்கமே அப்படித்தான். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைக்காது. நம் ஆறரை மணி வயிற்றுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் பையில் இருக்கட்டும்.

சாதாரண ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம். டவுன் பஸ் சீட்டு ‘T’ பலகை மாட்டிய புகையிலைக் கடையிலேயே கிடைக்கும்.

விசாவுக்கு எல்லா இரவுக்கும் தங்குமிடச் சான்றும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். இரண்டே ஊர் என்றால் முன்பதிவும் இரண்டே. மகனுக்கும் வேலை மிச்சம்.