வாசகர் கேள்வி-பதில்: தெர்மோஸ்டாட்தான் கெட்டதா?

கேள்வி: எங்கள் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் இரவும் பகலும் நிற்காமல் ஓடுகிறது. கீழ்த்தட்டில் வைத்த கீரையும் தேங்காய்ப்பாலும்கூட உறைந்துவிடுகின்றன. தெர்மோஸ்டாட்டை நாமே சோதித்து மாற்ற முடியுமா?
– வாசகி, குளச்சல்

பதில்: முடியும். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால், குளிர் போதுமானதும் கம்ப்ரஸரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் பக்கம் சந்தேகம் போவது சரிதான். நிற்காமல் ஓடியும் குளிர் போதாமல் இருந்தால் விஷயம் வேறு. கதவு ரப்பர் இளகியிருக்கலாம், பின்பக்கக் கம்பிவலையில் தூசி அடைத்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம். அப்போது தெர்மோஸ்டாட்டை மாற்றினால் பணம்தான் வீண்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே பல்பு இருக்கும் பெட்டியின் மூடியைக் கழற்றினால், திருகும் குமிழுக்குப் பின்னால் தெர்மோஸ்டாட் தெரியும். அதிலிருந்து மெல்லிய கேப்பிலரி குழாய் ஒன்று ஃப்ரீசரை நோக்கிப் போகும். தெர்மோஸ்டாட்டுக்குக் குளிரைச் சொல்வது இந்தக் குழாயின் நுனிப்பகுதிதான். அது ஃப்ரீசர் தகட்டில் கிளிப்புக்குள் இறுக்கமாக, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒட்டியிருக்க வேண்டும். ஐஸைச் சுரண்டும்போதோ கழுவும்போதோ கிளிப்பிலிருந்து நழுவிவிட்டால், தகடு எவ்வளவு குளிர்ந்தாலும் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். பல வீடுகளில் கோளாறு இவ்வளவுதான். குழாயைத் திரும்பச் செருகி, ஒரு நாள் ஓட விட்டுப் பாருங்கள்.

குழாய் சரியான இடத்தில் இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். வயர்கள் எந்த முனையில் இருந்தன என்று போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஃப்ரிட்ஜ் அறைச் சூட்டுக்கு வந்தபின் குமிழை நடுவில் வைத்தால், கம்ப்ரஸருக்குப் போகும் இரு முனைகளுக்கு இடையே ஏறக்குறைய 0 ஓம் காட்ட வேண்டும். குமிழை 'ஆஃப்'புக்குத் திருப்பினால் தொடர்பு அறுந்துவிட வேண்டும்.

அடுத்தது குளிர்ச் சோதனை. வெறும் ஐஸ் தண்ணீர் 0 டிகிரியில் நின்றுவிடும். தெர்மோஸ்டாட் கட் ஆக அதைவிட நல்ல குளிர் வேண்டும். பொடித்த ஐஸ் 3 பங்குக்குக் கல்லுப்பு 1 பங்கு கலந்து, குமிழைக் குறைந்த குளிர் எண்ணில் வைத்து, குழாயின் நுனியை அதில் அமிழ்த்துங்கள். சில நிமிடத்தில் 'டக்' என்று திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது, மாற்ற வேண்டியதுதான்.

புதியது வாங்கப் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். குழாயின் நீளம், குமிழ்க் கம்பியின் வெட்டு, நடுவில் டீஃப்ராஸ்ட் பட்டன் உண்டா இல்லையா, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். குழாயைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. மடிந்து விரிசல் விட்டால் உள்ளிருக்கும் கேஸ் போய்விடும். கடலோரத்தில் இன்னொன்றையும் பாருங்கள். உப்புக்காற்றில் வயர் முனைகள் பச்சை பூத்துத் தளர்ந்துபோகும், தளர்ந்த முனை சூடாகிக் கருகும். அப்படி இருந்தால் ஈயம் பூசிய புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு இறுக்குங்கள். தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கருகிய லக்கை அப்படியே செருகினால், புதியதும் விரைவில் போகும்.

கத்தியால் ஐஸைக் குத்தாதீர்கள். தகட்டில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றக்கூடிய கேஸும்கூட.

கேள்வி: 15 லிட்டர் கீசரைப் போட்டால் ஐந்தே நிமிடத்தில் சிவப்பு விளக்கு அணைந்துவிடுகிறது. தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. காயில் போய்விட்டதா?
– வாசகர், தக்கலை

பதில்: காயில் போயிருந்தால் தண்ணீர் சூடே ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 வாட் காயில் 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் ஏறுவது சுமார் 10 டிகிரிதான். ஆக, உங்கள் தெர்மோஸ்டாட் நேரத்துக்கு முன்பே கட் செய்கிறது.

காரணம் பெரும்பாலும் உப்புப் படிவு. போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு காயிலின் மேல் வெள்ளைப் பாறையாகப் படியும். அது காயிலுக்கும் தெர்மோஸ்டாட் தண்டு இருக்கும் குழாய்க்கும் நடுவே பாலம் போட்டுவிட்டால், தண்ணீர் சூடாகுமுன் தண்டு சூடாகிவிடும். எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் கரண்ட் இல்லை என்று உறுதி செய்து, அடிமூடியைத் திறங்கள். பெரும்பாலான கீசர்களில் தண்டு தனிக் குழாய்க்குள் செருகியிருப்பதால், தொட்டியை வடிக்காமலே உருவி எடுக்கலாம். செட்டிங் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், 60-க்கு வையுங்கள்.

வயர்களை விலக்கிக் காயிலை அளந்தால் 2000 வாட்டுக்குச் சுமார் 26 ஓம் வர வேண்டும். காயில் முனைக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்தக் கீசரை உடனே நிறுத்துங்கள். கரண்ட் தண்ணீர் வழியாக வரும். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கீசர் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

படிவை நீக்க, தண்ணீரை வடித்துக் காயில் தட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியதும், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியம் கம்பியையும் பாருங்கள். தேய்ந்து நடுக்கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மூடும்போது பழைய காஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கீசரில் தண்ணீர் கொதித்து ஆவி வருகிறது. பிறகு கட்-அவுட் விழுந்துவிடும். வேலைக்கு வந்தவர் கட்-அவுட்டின் இரு வயர்களையும் சேர்த்து முறுக்கிவிடலாம் என்கிறார். செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். தெர்மோஸ்டாட் கட் செய்யாமல் போகும்போது காயிலை நிறுத்துவது அந்தக் கட்-அவுட் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டு, பிரஷர் வால்வும் உப்பால் அடைத்திருந்தால் தொட்டி வெடிக்கும்.

ஃப்ரிட்ஜ், கீசர் இரண்டிலும் கேப்பிலரி தெர்மோஸ்டாட் உண்டு. ஆனால் குழாயில் ஓட்டை விழுந்தால் விளைவு நேர்மாறு. ஃப்ரிட்ஜில் சூடு ஏறி அழுத்தம் கூடும்போது காண்டாக்ட் சேர்கிறது, ஆகவே கேஸ் போனால் கம்ப்ரஸர் ஓடவே ஓடாது. கீசரில் அழுத்தம் கூடும்போது காண்டாக்ட் பிரிகிறது. உள்ளிருப்பது கசிந்துவிட்டால் பெரும்பாலும் பிரியாமலே நின்று தண்ணீர் கொதிக்கும். தண்டு வகையிலும் காண்டாக்ட் உருகி ஒட்டினால் இதே கதிதான். தெர்மோஸ்டாட், கட்-அவுட் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். அதே ஆம்பியர் அளவு, அதே தண்டு நீளம் இருக்க வேண்டும். பிரஷர் வால்வின் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். ஆறிய பிறகு பார்க்க வேண்டும்; சூட்டில் தொடாதீர்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் 'டக்' என்று எடுத்து, சில நொடியில் 'டக்' என்று நிற்கிறது. மாலை வேளையில்தான் இப்படி.
– வாசகர், குலசேகரம்

பதில்: இது தெர்மோஸ்டாட் அல்ல. வோல்டேஜ் குறைந்து கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல், அதைக் காக்கும் ஓவர்லோடு சுவிட்ச் விழுகிறது. அந்த நேரத்தில் பிளக்கில் வோல்டேஜை அளந்து, ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் ஸ்டெபிலைசர் போடுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் இப்படியே என்றால், கம்ப்ரஸர் பக்கவாட்டில் உள்ள, அதைக் கிளப்பிவிடும் ரிலேயைப் பாருங்கள். நிறுத்தினால் மீண்டும் போடுமுன் 5 நிமிடம் விடுங்கள்.

கேள்வி: குமிழை எந்த எண்ணில் வைப்பது? 4-ல் வைத்தால் 4 டிகிரியா? மட்டிப்பழம் வேறு கறுத்துப்போகிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: எண் டிகிரி அல்ல, எண் கூடினால் குளிர் கூடும். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மோமீட்டரைப் போட்டு இரவு முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 3 முதல் 5 டிகிரி இருந்தால் அந்த எண்தான் உங்களுக்குச் சரி. வாழைப்பழம் எந்தச் சரியான ஃப்ரிட்ஜிலும் கறுக்கும். மட்டியை வெளியே தொங்கவிடுங்கள்.