இரும்பு விளையும் ஊர்க்காரர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்?

கேள்வி: எங்கள் பவுண்டரியில் (இரும்பு வார்ப்பாலையில்) பாதிப் பேர் ஜார்க்கண்ட், பீகார்க்காரர்கள். இரும்பும் நிலக்கரியும் ஜார்க்கண்டில்தான் கொட்டிக் கிடக்கிறது. அப்புறம் ஏன் இவ்வளவு தூரம் பிழைக்க வருகிறார்கள்?
– ஒரு வாசகர், கணபதி, கோவை

பதில்: 1980களில் கோவையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைய ஜார்க்கண்டின் இரும்பாலை நகரமான ஜாம்ஷெட்பூரிலிருந்து ஆங்கிளும் தகடும் வரும். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ரயிலில் வந்த சரக்கு, அந்த ஊர் விலைக்கே நமக்கும் எப்படிக் கிடைக்கிறது என்று முதலாளியிடம் கேட்டேன். "அது கவர்மெண்டு ஏற்பாடு கண்ணு" என்றார்.

அந்த ஏற்பாட்டுக்குச் சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று பெயர். 1950களில் மத்திய அரசு கொண்டுவந்தது. ஆலைக்குப் பக்கத்தில் இரும்பு வாங்குபவரின் விலையிலும் ஒரு சராசரி ரயில் கட்டணத்தைச் சேர்த்துவிடுவார்கள். தூரத்தில் இருப்பவருடைய செலவை அந்தப் பணம் ஈடுகட்டும். நாடு முழுக்கத் தொழில் பரவட்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் விலை எங்கும் ஒன்று என்றான பிறகு, பட்டறை வைக்க நினைப்பவர் ராஞ்சிக்கு ஏன் போவார்? துறைமுகமும் சந்தையும் இருந்த பம்பாயையும் சென்னையையும் தேடிப் போனார். பருத்திக்கு இந்தச் சமன்பாடு கிடையாது. அதாவது, பீகாரில் மில் வைத்தவர் பஞ்சுக்கு முழு வண்டிச் சத்தமும் கொடுத்தாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இரும்புக்கு இது நீக்கப்படும்வரை, சுமார் 35 வருடம் இப்படியே ஓடியது.

நம் வளர்ச்சிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம், மின்சாரம், நம்மவர்களின் உழைப்பு எல்லாம் உண்டு. ஆனால் பக்கத்தில் இருந்தும் அவர்கள் கூடுதலாகக் கொடுத்த காசு, நான் எழுதிய பேரேட்டிலும் இருந்தது.

15ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கான வரிப் பங்கில் பீகாருக்கு 10.058 சதவீதமும் நமக்கு 4.079 சதவீதமும் ஒதுக்கியபோது எனக்கும் வருத்தம்தான். நம் பங்கைக் கேட்டுப் போராடுவோம், சரி. ஆனால் 'வடக்கன் நம் காசில் வாழ்கிறான்' என்று யாராவது சொன்னால் மட்டும் எனக்குப் பொறுக்காது.

கேள்வி: சரி, இப்போது அந்த ஊர்களுக்கு என்னதான் செய்யலாம்?
– அதே வாசகர்

பதில்: 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்க வழி செய்தார்கள். பழைய சுரங்கக் குத்தகைக்காரர்கள், தோண்டும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் அதில் 30 சதவீதமும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதமும் அந்த மாவட்டத்துக்கே கட்ட வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. தோண்டிய இடத்திலேயே பணம் நிற்கிறது. அதைக் கட்டடங்களில் போட்டு முடித்துவிடாமல், குடிநீருக்கும் ஐ.டி.ஐ.களுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் செலவழிக்க வேண்டும். உங்கள் பவுண்டரியில் மோல்டிங் கற்றுக்கொண்ட பையன் ஜார்க்கண்டில் உள்ள தன்பாத்துக்குத் திரும்பிப் போனால், அங்கே ஓர் உலை எரிய வேண்டும்.