சுரைப்பூவுக்குச் சாயங்காலம்தான் முகூர்த்தம்

மாடியில் சுரைக்கொடி. பிஞ்செல்லாம் வெம்பி விழுகிறது. காலை 8 மணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டும் பார்த்துவிட்டேன். ஏன் காய் பிடிக்கவில்லை?

நேரம்தான் கோளாறு. பூசணி விடியற்காலையில் பூக்கும். சுரை சாயங்காலம் விரியும். அந்த வெள்ளை நிறமே இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகத்தான். நீங்கள் போகும் நேரத்தில் பூ வாடத் தொடங்கியிருக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் மாடி ஏறுங்கள். பூவுக்கு அடியில் ரோமம் படர்ந்த குட்டிச் சுரை இருந்தால் பெண். வெறும் காம்பு என்றால் ஆண். ஆண் பூவின் இதழ்களைப் பிய்த்துவிட்டு நடுவில் விரல் வையுங்கள், மஞ்சள் நிற மகரந்தப் பொடி ஒட்ட வேண்டும். பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி மூன்று பிரிவாக இருக்கும். மூன்றிலும் படும்படி தடவுங்கள். ஒரு மகரந்தத் துகள் குழாய் நீட்டி, விதையாக மாறும் ஒரு சூலைத்தான் சேரும். அரைகுறையாகப் பட்டால் விதை சரியாகப் பிடிக்காமல் காய் கோணிக்கொள்ளும். கொடி முதலில் ஆண் பூவாகத்தான் விடும். அது தெரியாமல் ஒருமுறை கொடியையே பிடுங்கியவன் நான்.

தக்காளிக்கும் இப்படித் தொட வேண்டுமா?

வேண்டாம். ஒரே பூவில் இரண்டும் உண்டு. பூங்கொத்தைக் காலையில் விரலால் நாலு தட்டு தட்டினால் போதும், மகரந்தம் உதிரும். கடும் வெயிலில் பூ கொட்டினால் தட்டியும் பயனில்லை.

பப்பாளி பூக்கிறது, காய்ப்பதில்லை. ஆணி அடிக்கச் சொல்கிறார்கள்.

நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகப் பூத்தால் அது ஆண் மரம். சில பருவங்களில் அதுவே இருபால் பூ விட்டு ஒன்றிரண்டு காய் தொங்கவிடும். பெயர் ஆணிக்குப் போய்விடும்! அடுத்த முறை குழிக்கு மூன்று நாற்று வையுங்கள், பூத்ததும் வேண்டாததை எடுத்துவிடலாம்.

அத்திப்பழத்துக்குள் ஏன் பூச்சி?

நாம் பழம் என்பது உள்பக்கமாகப் பூத்த பூங்கொத்து. நுனியிலுள்ள சிறு துளை வழியாக ஒரு குட்டிக் குளவி மகரந்தத்தோடு நுழையும். நுழையும்போதே பெரும்பாலும் சிறகு பிய்ந்துவிடும், வெளியே வராது. சில பூக்களில் முட்டையிடும், மற்றவை விதையாகும். பொரிந்து வந்த குளவிகளில் ஆணுக்குச் சிறகே இல்லை. சுவரில் வழி குடைவதுதான் அதன் வேலை. அந்த வழியாகப் பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த காய்க்குப் பறக்கும். 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை' என்றவர் கண்டது இந்தக் கூட்டத்தைத்தான் போலும். பிட்டு, ஊதிவிட்டுச் சாப்பிடுங்கள்.