மருந்துச் சோதனைக்குப் போன தம்பி: 70 லட்சம் கிடைக்குமா?

கேள்வி: 26 வயதுத் தம்பி, புரோக்கர் பேச்சைக் கேட்டுப் புது மருந்தின் முதற்கட்டச் சோதனையில் சேர்ந்தான். மஞ்சள் காமாலை வந்து 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். செலவைக் கம்பெனி கட்டியது. இப்போது 1.5 லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடு என்கிறார்கள். ஆபத்து தெரிந்துதானே வந்தாய் என்ற நக்கல் வேறு. 70 லட்சம் வரை வாங்கலாம் என்கிறார் ஒருவர். வழக்குப் போடலாமா?

பதில்: புரோக்கரையும் நக்கலையும் விடுங்கள். ஆபத்து தெரிந்து சம்மதித்தார் என்பதும் கம்பெனியைக் காப்பாற்றாது; 2019ஆம் ஆண்டின் புது மருந்து, மருத்துவச் சோதனை விதிகளின்படி, பாதிப்பு சோதனையால் வந்ததென்றால் இழப்பீடு உண்டு. பார்க்க வேண்டியது ஒன்றே: ஈரல் முழுதாகத் தேறிவிட்டதா?

70 லட்சம் கட்டுக்கதை இல்லை. நோயில்லாத 26 வயதுக்காரர் சோதனையால் இறந்தால் அந்த விதிகளின் ஏழாம் அட்டவணையில் உள்ள இழப்பீட்டுக் கணக்கு கிட்டத்தட்ட அங்கேதான் போய் நிற்கும். அந்தக் கணக்கில் ஆளின் உடல்நிலையைப் பார்த்துப் பெருக்கும் எண்ணான ஆபத்துக் காரணி அவருக்கு 4. ஆறு மாதம்கூடத் தாங்காத நோயாளிக்கு 0.5. (இது நியாயமா என்று கேட்டால் இரவு முழுக்கப் பேசலாம்.) உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். குணமாகிவிட்டால் கணக்கே வேறு: டெல்லியில் சாதாரணக் கூலியாளின் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி, அதன் இரு மடங்கு, பெருக்கல் ஆஸ்பத்திரி நாட்கள். கூலியை 700 என்று வைத்தால் 15,400 ரூபாய். எங்கே படுத்திருந்தாலும் டெல்லிக் கூலிதான்.

ஆகவே அந்த 1.5 லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

என்னிடம் வந்த ஒருவர், கண்ணில் மஞ்சள் போன அன்றே "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ரசீதில் கையெழுத்துப் போட்டார். நாலு மாதத்தில் பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சள் காமாலையைக் காட்டும் பொருள்) மறுபடி ஏறியது. அந்த ரசீதை உடைக்கப் படாத பாடு பட்டோம். இன்னொருவர் கோபத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போவதையே நிறுத்தினார். கோப்பில் "தானாக விலகினார்" என்று எழுதிவிட்டார்கள். அழைக்கும் ஒவ்வொரு நாளும் தம்பி போகட்டும், அறிக்கையின் நகலை வாங்கட்டும். வெளி ஈரல் மருத்துவர் ஒருவர் தேறிவிட்டது என்று எழுதித் தந்த பிறகு கையெழுத்து. அதிலும் "பின்னால் வரும் ஈரல் பாதிப்பு நீங்கலாக" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், தம்பியைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்: அதே சமயத்தில் வேறொரு மையத்திலும் மாத்திரை சாப்பிட்டாரா? பணத்துக்காக இரண்டு இடத்தில் சேருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த மாத்திரை ஈரலைக் கெடுத்தது என்று அப்புறம் யாராலும் நிரூபிக்க முடியாது. ஆமாம் என்றால் பேரமே பேச வேண்டாம், கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.