விபத்து நடந்தால் கீழே இருப்பவர்மீது பழிபோடாத அதிகாரி யாராவது உண்டா?

உண்டு. ஜப்பானியக் கடற்படை லெப்டினன்ட் சகுமா சுதோமு. கேட்டவர் கையில் ஏதோ ஒரு விசாரணை அறிக்கை இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

சகுமா 1879இல் ஃபுகுயியில் பிறந்தவர். 1905இல் ரஷ்யாவுடன் நடந்த சுஷிமா கடற்போரைப் பார்த்தவர். பிறகு நீர்மூழ்கிப் பிரிவுக்கு வந்து, ஆறாம் எண் நீர்மூழ்கிக்குத் தலைவரானார். 1910 ஏப்ரல் 15 அன்று ஹிரோஷிமா வளைகுடாவில் பயிற்சி. காற்றுக்குழாயை மட்டும் நீருக்குமேல் நீட்டிக்கொண்டு பெட்ரோல் எஞ்சினில் ஓட வேண்டும். நீர்மூழ்கி அளவுக்குமீறி அமிழ்ந்துவிட்டது. குழாயை அடைக்கும் வால்வின் சங்கிலி அறுந்தது. கையால் மூடுவதற்குள் பின்பகுதியில் நீர் நிறைந்துவிட்டது. சகுமா உட்பட 14 பேரும் இறந்தார்கள்.

விளக்குகள் அணைந்து, நச்சுப்புகையில் மூச்சுத் திணறியபடி அவர் குறிப்பேட்டில் எழுதினார். தன் கவனக்குறைவால் நீர்மூழ்கியையும் ஆட்களையும் பலிகொடுத்துவிட்டதாக எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்கிறார். ஆட்கள் கடைசிவரை கடமை தவறவில்லை என்கிறார். சங்கிலி அறுந்ததை மறைக்காமல் சொல்கிறார். அவர்களுடைய குடும்பங்கள் வறுமையில் வாடக்கூடாது, அந்த ஒரு கவலைதான் தனக்கு என்று பேரரசரிடம் வேண்டுகிறார். கடைசியாக அவர் குறித்த நேரம் 12.40.

ஜப்பான் இதைப் பள்ளி நீதிபோதனைப் பாடத்தில் சேர்த்துத் தியாகப் பெருமை பேசியது எனக்கும் தெரியும். ராணுவத்துக்குத் துதி பாடுகிறாய் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இறந்தவன் தலையில் குற்றத்தைக் கட்டுவது எவ்வளவு எளிது என்று பார்த்தவன் நான்.

என் அப்பா ஒரு தொழிற்சாலையில் பாய்லர் இயக்கினார். பாதுகாப்பு வால்வு சிக்கிக்கொள்கிறது என்று வீட்டில் புலம்புவார். ஷிஃப்ட் பதிவேட்டிலும் எழுதிவைத்தார் என்று உடன் வேலைபார்த்தவர்கள் அம்மாவிடம் சொன்னார்கள். பாய்லர் வெடித்தபின் அந்தப் பதிவேடு காணாமல்போனது. இயக்குபவரின் அலட்சியமே காரணம் என்று அறிக்கை வந்தது. மேலாளருக்கோ பதவி உயர்வு. சகுமாவைப் போல ஒரு வரி எழுத அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இழப்பீட்டுக்கு அம்மா அலைந்தபோது, இழப்பீட்டு அலுவலகத்தில் அப்பாவின் பணிச் சான்றைத் தொழிற்சாலையிலேயே வாங்கிவரச் சொன்னார்கள். பழி போட்டவர்களின் வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டுமாம். அலுவலகம் ஒரு கடிதம் போட்டு அந்தச் சான்றைத் தானே கேட்டு வாங்கியிருக்கலாம். அதற்குக்கூட அங்கே ஆளில்லை.