ஐ7 என்று மட்டும் எழுதிய விலைச்சீட்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் கொக்குவிலில் இருக்கிற ஓர் ஆசிரியை. மகன் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். சோதினை முடிய கேமிங் கொம்பியூட்டர் ஒன்று எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் அதற்கென்று இரண்டரை இலட்சம் ரூபா அனுப்பியிருக்கிறா. அவன் விளையாடுவது வலோரண்டும் ஜிரிஏ 5உம். முப்பரிமாணப் படங்கள் செய்கிற பிளெண்டர் என்ற மென்பொருளைப் படிக்கவும் ஆசைப்படுகிறான்.

ரவுணில் ஒரு கடையில் “ஐ7, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ்” என்று பொருத்திப் பூட்டி வைத்த பெட்டி 1,65,000 ரூபா. எந்த ஐ7 என்று மகன் கேட்க, 4770 என்றார்களாம். கிராபிக்ஸ் கார்டின் பெயரைச் சொல்லவில்லை. கொழும்பில் ஒரு கடை ஐ5-12400எஃப், ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி என்று 2,85,000 ரூபாவுக்கு எழுதி அனுப்பியிருக்கிறது. மச்சாள், அங்கே மலிவு விற்பனையில் எடுத்துக் கப்பலில் போட்டுவிடவா என்று கேட்கிறா. மொனிட்டர் தேவையில்லை, பழையது ஒன்று இருக்கிறது. விளையாட்டுக்கு இவ்வளவு காசா என்று வீட்டில் கதையும் நடக்கிறது. எதை எடுப்பது?

ஒரு வாசகி, கொக்குவில்

*

அன்புள்ள தங்கைக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ரவுண் கடையின் 1,65,000 ரூபாப் பெட்டி வேண்டாம். கனடாவிலிருந்து முழுப் பெட்டியை இறக்கவும் வேண்டாம். கொழும்புக்காரர் எழுதி அனுப்பிய பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலேயே இன்னும் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். மூன்றில் அந்தச் சீட்டில்தான் சாமான்களுக்குப் பெயர் இருக்கிறது. பெயர் இல்லாத சாமானுக்கு மலிவு, விலை என்று எதுவும் பேச முடியாது.

இன்டெல் நிறுவனம் 2008 முதல் ஐ7 என்ற பெயரில் புரொசசர், அதாவது கொம்பியூட்டரின் மூளை, விற்று வருகிறது. அதனால் ஐ7 என்றால் எந்தக் காலத்து ஐ7 என்று கேட்க வேண்டும். பின்னால் வரும் எண்ணில் அது இருக்கிறது. 4770 என்றால் நாலாம் தலைமுறை, 2013இல் வந்தது. 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. 4770இல் நாலு கோர் (கணக்குப் போடும் மையம்), 12400எஃப்இல் ஆறு கோர், அதோடு ஒவ்வொரு கோரும் வேகம் கூட. இந்த ஐ5 அந்த ஐ7ஐ எந்த வேலையிலும் முந்தும். உங்கள் மகன் எந்த ஐ7 என்று கேட்டது சரியான கேள்வி. அவனையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பழைய புரொசசரால் வேறு ஒரு சிக்கலும் வரும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களை, மிகச் சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஏற்றலாம்தான். ஆனால் விண்டோஸ் 11இல் வலோரண்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். நாலாம் தலைமுறை இயந்திரங்களில் பொதுவாக அந்த டிபிஎம் இல்லை. மகன் அதிகம் விளையாடும் விளையாட்டே திறக்காமல் போகலாம்.

இனி அந்த “4 ஜிபி கிராபிக்ஸ்”. கேமிங் பெட்டியில் காசு போக வேண்டிய முதல் இடம் கிராபிக்ஸ் கார்ட். ஏமாற்று நடக்கிற முதல் இடமும் அதுதான். ஜிடி 730 என்று 2014இல் வந்த ஒரு கார்டிலும் 4 ஜிபி போட்டு விற்றார்கள். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இலும் 4 ஜிபிதான். முதலாவது படம் பார்க்க, கணக்கு எழுதப் போதும். அதன் நல்ல வகையிலேயே 384 கூடா கோர்கள்தான், நினைவகமும் பெரும்பாலும் மெதுவான டிடிஆர்3. இரண்டாவதில் 896 கோர்கள், வலோரண்ட் தடங்கல் இல்லாமல் ஓடும். கொழும்புச் சீட்டில் இருக்கிற ஆர்டிஎக்ஸ் 4060இல் 3072 கோர்கள், 8 ஜிபி. ஆகவே எத்தனை ஜிபி என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், கார்டின் முழுப் பெயரைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்லத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் போதுமான பதில்.

பெயர் சொன்னாலும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மிகப் பழைய கார்டின் மென்பொருளை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற கதை உலகம் முழுக்க நடந்தது. ஜிபியு-இஸட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அப்படி மாற்றின என்விடியா கார்டுகளை அடையாளம் கண்டால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று ஆங்கிலத்தில் காட்டிவிடும். மகன் ஒரு பென்டிரைவில் அதைப் போட்டுக்கொண்டு போகட்டும், திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இணைய விளம்பரங்களில் வரும் பழைய கார்டுகளைப் பற்றியும் ஒரு சொல். 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் என்ற இணைய நாணயத்தின் முறை மாறியதோடு, கிராபிக்ஸ் கார்ட் வைத்து அந்தக் காசைத் தோண்டியவர்கள் கட்டுக்கட்டாக விற்றுத் தள்ளினார்கள். இரவு பகலாக ஓடின கார்டுகள் அவை. வொரண்டி இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம்.

விலைச்சீட்டில் எழுதாமல் விடுகிற இன்னொரு சாமான் பவர் சப்ளை. பூட்டின பெட்டியில் கடைக்காரர் மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான். வாங்குகிறவர் யாரும் கேட்பதில்லை. பெட்டியின் பக்கவாட்டைத் திறக்கச் சொல்லி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கிற அட்டவணையைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருக்கும், அதை விடுங்கள். அட்டவணையில் +12வி என்ற நிரலுக்குக் கீழே ஓர் எண் இருக்கும், அதை 12ஆல் பெருக்குங்கள். 18ஏ (அம்பியர்) என்றிருந்தால் 216 வாட். கார்டுக்கும் புரொசசருக்கும் போவது முழுக்க அந்த 12 வோல்ட் வழிதான். ஆகவே 500 என்று எழுதின பெட்டி உண்மையில் தருவது 216. நல்ல 550 வாட் சப்ளையில் அதே இடத்தில் 45ஏ அளவில் இருக்கும், பெருக்கினால் 540. ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட், 12400எஃப் உச்சத்தில் 117. கணக்குக்கு நல்ல 500 வாட் தாராளம். கெட்ட சப்ளை தான் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டு போகும். அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

ராமைப் பொறுத்தவரை 16 ஜிபியை இரண்டு எட்டாகப் போடச் சொல்லுங்கள், ஒரே பதினாறை விட வேகம். ராமின் விலை 2025 கடைசி மாதங்களில் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்களுக்குத் தொழிற்சாலைகள் நினைவகத்தைத் திருப்பிவிட்டதுதான் காரணம். அந்த டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் குருஷியல் என்ற பெயரில் வீட்டுப் பாவனையாளருக்கு ராம் விற்பதையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. இதில் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் இன்றைய ராம் விலையைக் கொடுக்க வேண்டும். கடையில் முன்னமே பூட்டி வைத்த பெட்டியில் பழைய கொள்வனவு ராம் இருந்தால் மொத்த விலை குறைவாக வரலாம். எல்லாச் சாமானின் இன்றைய தனி விலையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பூட்டின பெட்டி அந்தக் கூட்டுத்தொகைக்குக் கிட்டவோ குறைவாகவோ இருந்தால் அதுதான் நல்ல விலை. மலிவு என்று போட்டிருக்கிற சிவப்பு மட்டையை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மச்சாளின் யோசனை அன்பால் வந்தது, ஆனால் பெட்டியாக வேண்டாம். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பவர் சப்ளையில் 100-240வி என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. 115 மட்டும் என்றிருந்தாலோ, பின்னால் இருக்கிற சிறிய சிவப்பு ஆளி 115இல் நின்றாலோ, இங்கே செருகின கணமே வெடிக்கும். பெரிய நிறுவனங்களின் பெட்டிகளில் மதர்போர்டும் சப்ளையும் பல நேரம் அவர்களுக்கே உரிய வடிவம். மூன்று வருடத்தில் சப்ளை போனால் அதே அளவில் இன்னொன்றை யாழ்ப்பாணத்தில் தேடி அலைவீர்கள். அங்கே தரும் வொரண்டிக்கும் இங்கே பெரும்பாலும் மதிப்பில்லை. யாராவது ஊருக்கு வரும்போது கிராபிக்ஸ் கார்டை மட்டும் கைப்பெட்டியில் கொண்டு வருவது வேறு கதை. கார்ட் ஓடுவது பெட்டிக்குள் வரும் 12 வோல்ட்டில், எந்த நாட்டு வீட்டு மின்சாரமும் அதற்கு ஒன்றுதான். வொரண்டி மட்டும் கைவிட்டுப் போகும். விலை வித்தியாசம் அதற்குத் தகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முக்கியமான இடைவெளி, கையில் 2,50,000, சீட்டில் 2,85,000. மிச்சத்துக்குத் தவணை வேண்டாம். கார்டைக் குறைத்து 1650க்கு இறங்கவும் வேண்டாம். பிளெண்டரில் இறுதிப் படத்தை உருவாக்கித் தருகிற சைக்கிள்ஸ் என்ற பகுதி என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டில் மிக வேகமாக ஓடும். மகன் படிக்க ஆசைப்படுகிற விஷயத்துக்கு அந்தக் கார்ட்தான் கருவி, அதை வீட்டில் கதைக்கிறவர்களுக்கும் சொல்லுங்கள். புரொசசரை ஐ3-12100எஃப் ஆக்குங்கள். நாலு கோர்தான், ஆனால் அதே பன்னிரண்டாம் தலைமுறை, அதே மதர்போர்ட். ஓரிரு வருடத்தில் காசு சேர்ந்தால் அதைக் கழற்றி 12400ஐ அதே இடத்தில் வைக்கலாம். லைட் எரிகிற கண்ணாடிக் கேசிங்குக்குப் பதில் முன்பக்கம் வலை போட்ட சாதாரணக் கேசிங் எடுங்கள். எங்கள் ஊரின் சித்திரை வெயிலுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த பெட்டிக்குள் சூடு கட்டி நிற்கும். அப்படியும் எட்டாவிட்டால் 4060க்குப் பதில் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் அதே பட்டியலுக்கு பத்து, பதினைந்தாயிரம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பெட்டியில் ஏதும் கோளாறு என்றால் கொழும்பு பம்பலப்பிட்டிக்கும் கொக்குவிலுக்கும் இடையில் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். பஸ்ஸில் பார்சல் போட்டு, அவர்கள் பார்த்து, திருப்பி அனுப்பி, வரும் வரைக்கும் காத்திருந்து... அந்த வித்தியாசம் அதிலேயே போய்விடும். கொழும்பில்தான் எடுக்கிறீர்கள் என்றால் கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியாகத் தரச் சொல்லுங்கள். பூட்டினபடியே பஸ்ஸில் வந்தால் குலுக்கத்தில் கார்டின் பாரம் மதர்போர்டின் துளையை உடைக்கும்.

காசு கொடுக்க முன் பில்லில் ஒவ்வொரு சாமானும் மொடல் எண்ணோடும் வொரண்டிக் காலத்தோடும் எழுதப்பட வேண்டும். “கேமிங் பிசி 1” என்று எழுதின பில்லை வாங்க வேண்டாம். நாளைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 என்ற இலக்கத்துக்கு, முறைப்பாடு சொல்ல வேண்டி வந்தாலும் கையில் அந்தத் தாள்தான் இருக்கும். சொன்ன விலையில் பெறுமதி சேர் வரி அடக்கமா என்று கேளுங்கள். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம், கடைசியில் சேர்த்தால் கணக்கே மாறிவிடும். வங்கி அட்டையில் கட்டினால் கூடக் கேட்பார்களா என்பதையும் முதலே கேட்டு வையுங்கள்.

கடையிலேயே அரை மணித்தியாலம் ஒரு விளையாட்டை ஓட விட்டு, கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையைப் பாருங்கள். கடையில் ஏசி ஓடும், உங்கள் அறையில் ஓடாது. அங்கே 75 பாகைக்குள் நின்றால் வீட்டில் பயமில்லை. உங்கள் பழைய மொனிட்டரின் பின்பக்கத்தையும் ஒருக்கா பாருங்கள். நீல நிற விஜிஏ மட்டும் என்றால் புதிய கார்டில் அந்தத் துளை கிடையாது. நல்ல மாற்றி ஒன்று தேவைப்படும், அதையும் விலையில் சேருங்கள். கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும். பெயரில் எஃப் இருக்கிற புரொசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை, மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும்.

இரண்டரை இலட்சத்துக்குள், மின்சாரம் நின்றால் கொஞ்ச நேரம் தாங்குகிற ஒரு யூபிஎஸ்ஸுக்கும் இடம் விடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும் நேரம் அதையும் சுவர்ச் செருகியிலிருந்து கழற்றிவிடச் சொல்லுங்கள்.

கடைகள் தரும் புதிய பட்டியல்களைப் படம் எடுத்து, முற்பணம் கட்ட முன் எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணா