மலைப் பிள்ளைகளுக்கு உதவ விரும்புவோர்: கேள்வி பதில்

நீலகிரியில் இளையோரின் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் அறக்கட்டளைகள் நடத்தும் திட்டங்களில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கோவை வாசகர்: ஐயா, கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு எங்கள் நண்பர் குழு இரும்புச்சத்து மாத்திரை வழங்க விரும்புகிறது. எந்தப் பள்ளியில் கொடுக்கலாம்?

பதில்: எந்தப் பள்ளியிலும் வேண்டாம். 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரையை அரசே பள்ளிகள் வழியாகத் தருகிறது. அதைவிடப் பெரிய காரணம், இந்தியாவில் அரிவாளணுச் சோகை என்னும் பரம்பரை இரத்த நோய் முதன்முதலாக 1952இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் என்பது. ஒரு பிள்ளை வெளிறிப்போயிருப்பது இரும்புச்சத்துக் குறைவினாலா, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து சிதைவதாலா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இந்நோய்க்காகப் பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். அதன்மேல் நாமும் கொடுத்தால் கல்லீரலும் இதயமும் கெடக்கூடும்.

தாய், தந்தை இருவரும் நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே தம் இரத்த நிலையைத் திருமணத்துக்கு முன்பே அறிந்திருப்பது இளையோருக்கு மிகவும் தேவை. உங்கள் பணத்தைப் பரிசோதனைக்கும், நோயுள்ள பிள்ளை தவறாமல் மருத்துவமனைக்கு வந்துபோக ஆகும் ஜீப் வாடகைக்கும் கொடுங்கள். ஜீப் வாடகைக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அதனால்தான் அதற்குப் பணம் கிடைப்பதில்லை. கூடலூரில் அஸ்வினி என்னும் தொண்டு அமைப்பு நடத்தும் பழங்குடியினர் மருத்துவமனையிலோ கோத்தகிரியில் உள்ள நீலகிரி ஆதிவாசி நலச் சங்கத்திலோ தேவை என்னவென்று முதலில் கேளுங்கள்.

கோத்தகிரி ஆசிரியை: அரசு மாத்திரையை விழுங்கியும் என் வகுப்புப் பெண்கள் சோர்ந்தே இருக்கிறார்கள்.

பதில்: சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கிறார்களா என்று பாருங்கள், அம்மா. தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடலில் முழுமையாகச் சேரவிடாது. (நமக்குச் சோறு போடும் இலையைப் பற்றி இப்படி எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது.) ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள், அப்படியும் தெளியாதவர்களைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

குன்னூர்த் தோட்ட மேலாளர்: எங்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்கான பகல்நேரக் காப்பகச் செலவை நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியில் காட்டலாமா?

பதில்: கூடாது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவு, முந்தைய மூன்றாண்டு நிகர லாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடும்படி பெரிய நிறுவனங்களைக் கேட்கிறது. சொந்த ஊழியர் குடும்பங்களுக்கு மட்டுமே பயன்படும் செலவு அதில் சேராது.

அதே மேலாளர்: தேயிலை விலை சரிந்த ஆண்டுகளிலும் காப்பகத்தை மூடாமல் நடத்தினோம். அது கொடையில்லையா?

பந்தலூர் வாசகி: நான் அந்தக் காப்பகங்களில் ஒன்றில் வளர்ந்தவள். காப்பகமும் மருத்துவமும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே நிர்வாகத்தின் கடமையாக எழுதப்பட்டவை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் கொடை என்கிறார்களே?

பதில்: வாசகியின் பக்கமே நிற்கிறேன். மேலாளர் நல்ல மனத்தோடு கேட்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கூலியோடு சேர்ந்த உரிமையைத் தருமம் என்று பெயர் மாற்றினால், பெறும் பிள்ளை நன்றி சொல்லிக்கொண்டே வளர வேண்டியிருக்கும். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பொதுவான மாலைப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்குங்கள். அதில் உங்கள் தொழிலாளரின் பிள்ளைகளும் படிப்பதற்குத் தடையில்லை.

ஊட்டி வாசகர்: நோட்டுப் புத்தகம் வழங்கலாமா?

பதில்: இதே கேள்வி மூன்றாம் முறை வருகிறது. அரசுப் பள்ளிகளில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன.

குன்னூர் அறக்கட்டளை உறுப்பினர்: வெளிநாட்டு நண்பர் பணம் அனுப்புகிறேன் என்கிறார்.

பதில்: 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெறாமல் வாங்காதீர்கள். மற்றதைத் தணிக்கையாளரிடம் கேளுங்கள்.

கோவை வாசகர், மீண்டும்: மாத்திரைகளை ஏற்கெனவே வாங்கிவிட்டோம், ஐயா.

பதில்: கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். மறுத்தால், காலாவதித் தேதியைக் குறித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பேசுங்கள். பள்ளிக்கு எடுத்துப்போகாதீர்கள்.